ஆண்டுக்கு இருமுறை திரும்பும் கடல்

சென்னையில் கடற்கரையைப் பார்த்து வளர்ந்துவிட்டு, வேலைக்காக மும்பைக்கு வந்து சேர்ந்த தமிழர் எவரும் இங்கே முதலில் வியப்பது ஒன்று உண்டு. மெரீனாவில் கடல் எந்த நேரம் போனாலும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. காலையில் பாந்திராவில் அலை மோதிக்கொண்டிருந்த இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் போனால் கறுத்த பாறையும் சேறும் தெரிகின்றன. ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் நடைபாதை, கடல் ஏறும்போது நீருக்குள் முழுகிவிடுகிறது. இறங்கியதும் வழி திறக்கிறது. இதே ஊரில் தலைமுறைகளாக வாழும் கோலி மீனவர்களுக்கு இது வியப்பே அல்ல. ஏற்றத்தை 'பர்தி' என்றும் வற்றத்தை 'ஓஹோட்டி' என்றும் சொல்லி, நாள் முழுவதையும் அந்தக் கணக்கிலேயே அவர்கள் நடத்துகிறார்கள்.

சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய நாட்களிலும் ஒரு மீட்டர் அளவுதான். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது ஐந்து மீட்டரைத் தொடுகிறது. இன்னும் வடக்கே, குஜராத்தின் காம்பே வளைகுடாவில் உள்ள பாவ்நகரில் பத்து மீட்டரையும் தாண்டுகிறது. மூன்று மாடி வீட்டின் உயரத்துக்கு நீர் ஏறி இறங்குகிறது என்று பொருள். ஒரே சந்திரன், ஒரே சூரியன். பிறகு ஏன் இந்த வேறுபாடு? விடை நீருக்கு அடியில் இருக்கிறது.

நாட்டின் திண்ணை

நிலம் கடற்கரையோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டு வாசலுக்கு வெளியே திண்ணை இருப்பதுபோல், கரைக்கு அப்பாலும் ஆழமற்ற ஒரு மேடை கடலுக்கடியில் நீண்டிருக்கிறது. இதைக் கண்டத்திட்டு என்கிறார்கள். அதன் விளிம்பைத் தாண்டினால்தான் தரை சரிந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. சோழமண்டலக் கரையில் பல இடங்களில் இந்தத் திண்ணை 50 கி.மீ. அகலம்கூடத் தேறாது. கேரளத்தின் தென்பகுதியிலும் குறுகலே. மும்பைக்கு எதிரேயோ அது சுமார் 300 கி.மீ. அகலம். இந்தியாவைச் சுற்றியுள்ள கண்டத்திட்டில் மிக அகன்ற பகுதி இதுதான்.

எவ்வளவு ஆழமற்றது என்பதற்கு ஓர் உதாரணம். 1974-ல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட 'பம்பாய் ஹை' கரையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போன பிறகும் ஆழம் 75 மீட்டர் அளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அங்கே இறக்கி வைத்தால், கலசத்துக்கு மேல் முப்பது அடி நீர்தான் நிற்கும். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட முடிந்ததே இந்தத் திண்ணையின் தயவினால்தான்.

ஆழ்கடலில் ஏற்றவற்ற அலை சிறியது. கப்பலில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. அந்த அலை அகன்ற திட்டின்மேல் ஏறும்போது வேகம் குறைகிறது. பின்னால் வரும் நீர் முன்னால் போகும் நீர்மேல் குவிகிறது. காம்பே வளைகுடா புனலைப்போல உள்ளே போகப் போகக் குறுகுவதால் குவியல் மேலும் உயர்கிறது. பாவ்நகர் துறைமுகத்தில் கதவு அமைத்து நீரைத் தேக்கி வைத்துத்தான் கப்பல்களை மிதக்கவிட வேண்டியிருந்தது. பக்கத்தில் உள்ள அலங் கடற்கரையோ இதே இயல்பைத் தொழிலாக மாற்றிக்கொண்டது. பெரிய ஏற்ற நாளில் பழைய கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டி வருகிறார்கள். கடல் வற்றும்போது கப்பல் சேற்றில் தரைதட்டி நிற்கிறது. பிறகு உடைக்க வேண்டியதுதான். உலர்துறை கட்டும் செலவு இல்லை. 1983 முதல் அங்கே கப்பல் உடைப்பு நடக்கிறது.

தூளியும் ஆறும்

ஏற்றவற்றம் என்பது நீர்மட்டம் உயர்வதும் தாழ்வதும் மட்டும் அல்ல. அவ்வளவு நீர் எங்கிருந்தோ வர வேண்டும், எங்கோ போக வேண்டும். ஆகவே கடல் ஓடுகிறது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஒரு திசையில், அடுத்த ஆறு மணி நேரம் எதிர்த் திசையில். நம் கரையோர மீனவர்கள் 'நீவாடு' என்று சொல்லும் நீரோட்டம் இங்கே நாளுக்கு நான்கு முறை திரும்புகிறது.

கோலிகளின் 'டோல்' வலை இந்த ஓட்டத்தை நம்பியே பிறந்தது. கடலடியில் கம்புகளை நட்டு, அவற்றில் பெரிய பை போன்ற வலையைக் கட்டி, அதன் வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திறந்து வைக்கிறார்கள். மீனைத் துரத்திப் போவதில்லை. கடலே மீனைக் கொண்டு வந்து போடுகிறது. ஓட்டம் தணிந்து, திரும்புவதற்கு முன் கிடைக்கும் சிறு இடைவேளையில் வலையை மேலே இழுக்கிறார்கள். பொம்பில் என்னும் 'பம்பாய் வாத்து' மீனும், சந்தையில் ஜவளா என்று விற்கும் பொடி இறாலும் பெரும்பாலும் இந்த வலையில் விழுபவைதான். வெர்சோவா கரையில் மூங்கில் கட்டி, வாயோடு வாய் கோத்துப் பொம்பிலைக் காய வைத்திருப்பதைப் பார்க்காத மும்பைவாசி இருக்க மாட்டார். (வாசனையை அறியாதவரும் இருக்க மாட்டார்.) இந்த மீன் மகாராஷ்டிர, குஜராத் கரையில் ஏராளம், பிறகு வங்கக் கடலின் வடபகுதியில் மீண்டும் கிடைக்கிறது. இடையில் உள்ள நீண்ட கரையில் அரிது. ஏற்றவற்றம் வலுத்து, நீர் சேறாகக் கலங்கியிருக்கும் இடங்கள்தான் இரண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டத்தின் உச்ச வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்திலும் முடிவிலும் அது மெதுவாக இருக்கும் என்பதால், ஆறு மணி நேரத்தில் ஒரு குடம் நீர் ஏழு கி.மீ. போகும். அடுத்த ஆறு மணி நேரத்தில் அதே ஏழு கி.மீ. திரும்பி வந்துவிடும். தூளி எவ்வளவு வேகமாக ஆடினாலும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை அல்லவா? ஏற்றவற்ற ஓட்டமும் அப்படித்தான். கலக்கும், சேற்றைக் கிளப்பும். ஆனால் எதையும் வெகுதூரம் கொண்டுபோய் விடாது.

மும்பை மாநகரின் சாக்கடை நீரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. வொர்லியிலும் பாந்திராவிலும் கடலடியில் சுமார் 3 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கம் வெட்டி, நகரின் கழிவுநீரில் பெரும்பங்கைக் கடலுக்குள் விடுகிறார்கள். கடலில் விட்டால் போய்விடும் என்பதே பொது நம்பிக்கை. கரையோரமாகவே திறந்துவிட்ட பழைய நாட்களோடு ஒப்பிட்டால் இது நல்ல ஏற்பாடே. கழிவு வேகமாக நீர்த்துப்போகிறது. ஆனால் நீர்த்துப்போவது வேறு, அகன்று போவது வேறு. காலையில் விட்டது மாலையில் அந்தப் பக்கமே திரும்பி வருகிறது. மழைக்காலத்தில் காற்றும் கரையை நோக்கி அடிக்கும்போது, பெரிய ஏற்றத்தின்போதெல்லாம் மெரீன் டிரைவிலும் தாதரிலும் ஜுஹுவிலும் கடல் வாரிக் கொட்டும் பிளாஸ்டிக் குப்பையை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அது வெளிநாட்டுக் குப்பை அல்ல. நம் நாலாக்களில் நாம் போட்டதுதான். கழிவுநீரை நன்கு சுத்திகரித்த பிறகே கடலில் விட வேண்டும் என்று ஏழு புதிய நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் எனலாம்.

அப்படியானால் நீர் எப்போதுமே போவதில்லையா? போகிறது. அதற்கு இன்னொரு ஓட்டம் இருக்கிறது. அது தூளி அல்ல, ஆறு.

காற்றை எதிர்க்கும் நீரோட்டம்

இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டி, திண்ணையின் விளிம்பில் வலுவாகவும் உட்பகுதியில் மெதுவாகவும் ஒரு நீரோட்டம் நகர்கிறது. பருவமழைக்குச் சற்று முன்பே தொடங்கி செப்டம்பர் வரை அது தெற்கு நோக்கி, குஜராத் பக்கத்திலிருந்து குமரிமுனையை நோக்கி ஓடுகிறது. நவம்பர் வாக்கில் திரும்புகிறது. பிப்ரவரி வரை குமரியிலிருந்து வடக்கே ஓடுகிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் ஓடுபவை. நம் கடலோ பருவக்காற்றின் பிள்ளை. ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது.

இதில் விஞ்ஞானிகளை வெகுநாள் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தெற்கே ஓடுவதற்குக் காற்றைக் காரணம் சொல்லலாம்; மேற்குக் கரையோரம் காற்று அப்போது வடமேற்கிலிருந்து அடிக்கிறது. குளிர்காலத்திலும் கரையோரக் காற்று வடக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் நீர் அந்தக் காற்றை எதிர்த்து வடக்கே போகிறது! கோவாவில் உள்ள, 1966-ல் நிறுவப்பட்ட தேசியக் கடலியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷெட்டியே முதலானோர் கப்பலில் போய் அளந்து, இந்தக் குளிர்கால ஓட்டத்தை 1990-களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார்கள். எதிர்க்காற்றில் கடலைத் தள்ளுவது யார்?

விடையில் பெரும்பங்கு வங்கக் கடலில் இருந்தது. அங்கே காற்று மாறும்போது கரையோர நீர்மட்டம் சற்று உயரவோ தாழவோ செய்கிறது. சில சென்டிமீட்டர், சில சமயம் அதற்கு மேல். அந்த ஏற்றத்தாழ்வு அங்கேயே நின்றுவிடுவதில்லை. பூமி சுழல்வதால் அது கரையை விட்டு விலக முடியாமல், கரையை எப்போதும் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டு நகர்கிறது. வங்காளத்திலிருந்து ஒரிசா, ஆந்திரம், தமிழ்நாடு என்று தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, கேரளம், கர்நாடகம், கோவா, மும்பை என்று வடக்கே ஏறுகிறது. சுருக்கமாகச் சொன்னால், தீபகற்பத்தைப் பிரதட்சிணம் செய்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 200 கி.மீ. வேகம். கெல்வின் பிரபுவின் பெயரால் இதைக் கெல்வின் அலை என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்த அலை வந்துசேரும்போதுதான் மேற்குக் கரையின் நீரோட்டம் திசை மாறத் தூண்டப்படுகிறது. 1993-ல் மெக்ரியரி, குண்டு, மோலினாரி ஆகியோர் வெளியிட்ட கணித ஆராய்ச்சி இந்தத் தொடர்பைத் தெளிவாக்கியது.

அலை மட்டும் அல்ல, நீரும் வருகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி ஆகியவை மழைக்காலத்தில் கொட்டிய நன்னீரால் வங்கக் கடலின் மேல்நீரில் உப்பு குறைவு. நவம்பர், டிசம்பரில் அந்த நீர் சோழமண்டலக் கரையோரமாக இறங்கி, இலங்கையைச் சுற்றி, கேரளக் கரையைப் பிடித்து வடக்கே ஏறுகிறது. பாக் ஜலசந்தி மிகவும் ஆழமற்றது என்பதால் அந்தக் குறுக்குவழியில் பெரிய அளவு நீர் போவதில்லை. வடக்கே போகப் போக அரபிக் கடலின் உப்பு நீரோடு கலந்து அதன் அடையாளம் மங்குகிறது. ஊரில் பார்த்த கடல்நீரின் ஒரு பங்கு நமக்குப் பின்னாலேயே மேற்குக் கரைக்குக் கிளம்பி வருகிறது என்று சொன்னால் மிகை ஆகாது.

எதிர்த் திசைக்குச் சாட்சி 2025-ல் கிடைத்தது. அந்த ஆண்டு மே 25-ம் தேதி கொச்சிக்கு அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டிகளைக் கடல் எடுத்துக்கொண்டது. பெட்டிகள் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஒதுங்கின. அவற்றில் இருந்த அரிசி அளவு பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரத்தைக் கடந்து, நமது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகள் வரை வந்து படிந்தன. மணலோடு கலந்த மணிகளைச் சல்லடை போட்டுப் பிரிக்க வேண்டியதாயிற்று. அது தெற்கே ஓடும் பருவம். அதே கப்பல் டிசம்பரில் மூழ்கியிருந்தால் அந்த மணிகளில் பெரும்பகுதி மலபார்க் கரையையும் மங்களூரையும் நோக்கிப் போயிருக்கும். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் நீரோட்டத்தை நாள்தோறும் கணித்து அறிவிப்பதன் பயன் இப்படிப்பட்ட நாட்களில்தான் புரிகிறது.

மூச்சுத் திணறும் மாதங்கள்

தெற்கே ஓடும் பருவத்தில் கரையோரத்தில் வேறொன்றும் நடக்கிறது. காற்றும் பூமிச் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகின்றன. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த நீர் திண்ணைமேல் ஏறுகிறது. அது உரம் நிறைந்த நீர். வெயில் படும் ஆழத்துக்கு வந்ததும் நுண்ணிய கடற்பாசிகள் செழிக்கின்றன. அவற்றைத் தின்று மத்தியும் அயிலையும் பெருகுகின்றன. கேரளத்தாரின் சோற்றுத் தட்டில் மத்தி விழுவது இதனால்தான்.

ஆனால் அந்த நீர் உரத்தைக் கொண்டு வரும்போது, பிராணவாயு இல்லாமையையும் கொண்டு வருகிறது. அரபிக் கடலின் நடு ஆழத்தில் பிராணவாயு மிகமிகக் குறைவு. உலகிலேயே இத்தகைய பகுதிகளில் பெரியவற்றுள் இது ஒன்று. கரைக்கு ஏறிய பிறகு, செத்து விழும் பாசி அடியில் அழுகும்போது மிச்சமுள்ள பிராணவாயுவும் செலவாகிறது. மேலே மழைநீரும் ஆற்றுநீரும் லேசான மூடிபோல் படர்ந்து நிற்பதால் காற்றிலிருந்து புதிய பிராணவாயு கீழே இறங்க வழியில்லை. செப்டம்பர், அக்டோபரில் கர்நாடகம், கோவா, தென் மகாராஷ்டிரக் கரைகளின் அடிநீர் மூச்சுத் திணறுகிறது. சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுகூட உண்டாகிறது. அடியில் வாழும் மீனும் இறாலும் விலகி ஓடுகின்றன. ஓட முடியாதவை மடிகின்றன.

கோவா ஆய்வகத்தைச் சேர்ந்த நக்வி குழுவினர் இதை விரிவாக அளந்து 2000-ம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்த மூச்சுத் திணறல் முன்பைவிடக் கடுமையாகியிருக்கிறது, வயல்களிலிருந்து வழிந்து வரும் உரம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இத்தகைய நீரிலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு பெருமளவில் வெளியேறுவதையும் அவர்கள் கண்டார்கள். எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 270 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடேற்றும் வாயு அது.

இந்த நிலையிலிருந்து கடலை மீட்பது யார்? நவம்பரில் திரும்பும் அதே நீரோட்டம்தான். திசை மாறியதும், பிராணவாயு நிறைந்த மேல்நீர் கரையை நோக்கி வந்து கீழே இறங்குகிறது. அழுகிய நீர் ஆழத்துக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரல் காற்றை வெளியே விட்டு உள்ளே இழுப்பதுபோலத்தான். இயற்கை இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. நாம் சேர்த்திருப்பது, அந்த நெருக்கடியான சில வாரங்களில் மேலும் அழுகுவதற்கு உரமும் சாக்கடையும்.

டஹாணுவின் கேள்வி

மும்பைக்கு வடக்கே, பால்கர் மாவட்டத்தில் டஹாணுவுக்கு அருகே வாத்வண் என்ற ஊரில் பெரிய துறைமுகம் கட்ட 2024 ஆகஸ்ட் 30-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. செலவு 76,000 கோடி ரூபாய்க்கு மேல். கடலில் 1,448 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து நிலமாக்குவதும், 10 கி.மீ.க்கு மேல் நீளமுள்ள அலைதடுப்புச் சுவர் எழுப்புவதும் திட்டத்தின் பகுதிகள். மீனவர் சங்கங்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகின்றன. இன்னும் வடக்கே, காம்பே வளைகுடாவின் குறுக்கே சுமார் 30 கி.மீ. அணை கட்டி, ஆற்று நீரைத் தேக்கும் 'கல்பசர்' திட்டம் பல பத்தாண்டுகளாகப் பேச்சிலேயே இருக்கிறது.

துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. பெரிய கப்பல் வந்தால் வேலை வரும். அதில் தமிழருக்கும் பங்கு உண்டு. ஆனால் மீனவர்கள் கேட்பது வெறும் பிடிவாதமும் அல்ல. ஏற்றவற்ற ஓட்டத்தை நம்பி வலை கட்டுகிறவனுக்கு, ஓட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே சொத்து. 10 கி.மீ. சுவர் எழுந்தால் அதன் முனையில் ஓட்டம் கூடும், மறைவில் தணியும். தணிந்த இடத்தில், நர்மதையும் தபதியும் கொண்டு வந்து இந்தக் கடல் எப்போதும் கலக்கிக்கொண்டிருக்கும் சேறு படியும். நேற்று வரை வலை நின்ற இடம் சேற்றுத் திட்டாகலாம். வேறோர் இடத்தில் கம்பே நிற்காத அளவுக்கு நீர் இழுக்கலாம். பையில் விழும் மீன் ஓட்டத்தோடு வருவது; ஓட்டம் இடம் மாறினால் மீனும் மாறும்.

இத்தகைய கட்டுமானங்களுக்கு முன் கணித மாதிரியும் கூடத்தில் சிறிய அளவில் கட்டிப் பார்க்கும் மாதிரியும் செய்து ஓட்டத்தை ஆராய்வது வழக்கம். புணேக்கு அருகே கடக்வாஸ்லாவில், 1916-ல் தொடங்கிய மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் இதில் நீண்ட அனுபவம் உள்ளது. ஆனால் துறைமுகம் கட்டுகிறவர் அந்த ஆராய்ச்சியிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கப்பல் வரும் வழியில் எவ்வளவு சேறு படியும், எவ்வளவு தூர் எடுக்க வேண்டும்? டோல் வலைக்காரர் கேட்கும் கேள்வி வேறு. ஏழாம் நாள் நிலவிலும் பௌர்ணமியிலும் என் கம்பு நிற்கும் இடத்தில் ஓட்டம் எவ்வளவு இருக்கும்? அக்டோபரில் அடிநீருக்கு மூச்சு இருக்குமா? இரண்டுக்கும் ஒரே கணக்கில் விடை எடுக்க முடியும். அந்த விடையை மராத்தியிலும் குஜராத்தியிலும் அச்சடித்து, டஹாணு மீன் சந்தையில் ஒட்டி வைப்பதற்கு ஆகும் செலவு, 76,000 கோடியில் கண்ணுக்கே தெரியாது.